பூங்காவிலிருந்து புறப்பட்ட ஓட்டக்காரர்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் 5,000 மீட்டர் ஓட்டம் நடந்தது. பன்னிரண்டரைச் சுற்று ஓட வேண்டிய அந்தப் பந்தயத்தில், எட்டாவது சுற்றிலேயே ஒருவன் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். உங்களில் பலர் அதை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. ஏனென்றால் அந்த ஒருவன் நான்தான். விழாவுக்கென்று அண்ணன் வாங்கிக் கொடுத்த புதுக் காலணி என் குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. யாரோ சிரித்தார்கள். அன்றிரவு விடுதி அறையில் காலுக்கு மருந்து தடவிக்கொண்டே, இனி மைதானத்தின் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டாரும் அதைத்தான் விரும்பினார்கள். ஓடுகிற நேரத்தில் இரண்டு பக்கம் படித்தால் வேலைக்காவது உதவுமே என்பது அப்பாவின் கட்சி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் நம் உடற்கல்வி இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ, புதுக் காலணியால் கால் புண்ணாகி ஒலிம்பிக்கில் ஒரு பந்தயத்தையே இழந்த மனிதர் ஒருவர் உண்டு, அவர் யார் என்று நூலகத்தில் தேடிப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். தேடினேன். முதலில் ஒரு பெயர் கிடைத்தது: யானுஷ் குசொச்சின்ஸ்கி. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பெயரைத் தொடர்ந்து போகப் போக, காலணிக் கதை மிகச் சிறியதாகவும் அந்த மனிதர் மிகப் பெரியவராகவும் தெரிந்தார். நான் அறிந்ததை நண்பர்களாகிய உங்களிடமும், ஆசிரியப் பெருமக்களிடமும் சொல்ல வேண்டும் என்னும் ஆசையே இக்கட்டுரை.

வரைபடத்தில் இல்லாத நாடு

குசொச்சின்ஸ்கி 1907ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் வார்சா நகரில் பிறந்தார். இன்று வார்சா போலந்தின் தலைநகரம். அன்றோ போலந்து என்றொரு நாடு உலக வரைபடத்திலேயே இல்லை! ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று அண்டை வல்லரசுகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. 1795இல் கடைசித் துண்டும் போயிற்று. மீண்டும் போலந்து எழுந்தது 1918இல். இடைப்பட்ட 123 ஆண்டுகள் அம்மக்கள் அயலார் ஆட்சியில் வாழ்ந்தனர். குசொச்சின்ஸ்கி பிறந்தபோது வார்சாவை ஆண்டவர் ரஷ்யப் பேரரசர்.

அரசு இல்லை, படை இல்லை, கொடி இல்லை. பின் ஓர் இனம் தன்னை எதில் காப்பாற்றி வைத்திருந்தது? வரலாற்று மாணவனான எனக்கு இந்தக் கேள்வி பெரிதாகப் பட்டது. விடை வியப்பானது. பாட்டிலும் ஆட்டத்திலும் விளையாட்டிலும்தான்! 1830இல் வார்சாவை விட்டுப் போய் 1849இல் பாரிசில் மறைந்த இசைமேதை ஷோபின், தம் நாட்டு ஆடல் வகைகளான மசூர்க்காவையும் பொலொனேசையும் பியானோவில் அழியாமல் பதித்து வைத்தார். அவர் உடல் பாரிசில் கிடக்க, இதயம் மட்டும் வார்சாவுக்குக் கொண்டுவரப்பட்டுத் திருச்சிலுவைக் கோயிலின் தூண் ஒன்றில் வைக்கப்பட்டது. 1867இல், ஆஸ்திரியாவின் கையில் இருந்த இல்வூவ் நகரில், சோகூல் என்னும் உடற்பயிற்சிச் சங்கம் தோன்றியது. சோகூல் என்றால் வல்லூறு. பெயருக்கு அது உடற்பயிற்சிச் சங்கம். உள்ளே அது நாட்டுப்பற்றின் பள்ளிக்கூடம். ஆகவே அந்த மண்ணில் விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அந்த மண்ணில்தான் நம் ஓட்டக்காரர் வளர்ந்தார்.

கோலும் பந்தும்

அவர் தந்தை இரயில்வேயில் வேலை பார்த்தவர். குடும்பம் வார்சாவுக்கு அருகே ஒல்தாழெவ் என்னும் சிற்றூரில் குடியேறியது. அண்ணன்மார் இருவரைப் போர்கள் கொண்டுபோயின. ஒருவர் முதல் உலகப் போரிலும், மற்றவர் 1920இல் சோவியத் ரஷ்யாவோடு நடந்த போரிலும் மாண்டனர். அந்த வீட்டில் எஞ்சிய பிள்ளைக்கு விளையாட்டுத்தான் உலகம்.

அந்நாட்டுப் பிள்ளைகள் அப்போது ஆடிய ஆட்டம் பலாந்த். இரண்டு அணிகள், நீள்சதுரத் திடல், ஒரு மரக்கோல், ஒரு சிறு பந்து. அடிக்கும் அணியைச் சேர்ந்தவர் பந்தைத் தூர அடித்துவிட்டு எதிர்க் கோட்டைத் தொட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும். எதிரணி பந்தைப் பொறுக்கி ஓடுபவர்மேல் எறியும். அடி படாமல் திரும்பினால் புள்ளி. காசு செலவில்லாத ஆட்டம். காலில் வேகம் இருந்தால் போதும். பிற்காலத்தில் குசொச்சின்ஸ்கி தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியபோது, பலாந்திலிருந்து ஒலிம்பிக் வரை என்று பொருள்படும்படிதான் அதற்குப் பெயர் வைத்தார். தங்கம் வாங்கிய பிறகும் தெருவில் ஆடிய ஆட்டத்தை மறக்காத மனம் அது!

பிறகு கால்பந்து பிடித்தது. ஓட்டப் பந்தயத்துக்கு அவர் வந்தது தற்செயலாகத்தான் என்பார்கள். தொழிலாளர் விளையாட்டுக் கழகமான சர்மாத்தாவின் தொடர் ஓட்ட அணியில் ஓர் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இந்தக் கால்பந்துக்காரரை இழுத்து நிறுத்தினார்கள். ஓடினார். அணி வென்றது. அன்று அந்த ஓர் ஆள் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் உலகம் ஒரு வீரரை இழந்திருக்குமோ என்னவோ!

ரோஜாச் செடிகளுக்கு நடுவே

ஓட்டக்காரரை உருவாக்கியவர் எஸ்தோனியா நாட்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் கிளும்பெர்க். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்துப் போட்டிகள் சேர்ந்த டெக்கத்லானில் வெண்கலம் வென்றவர்; பின்னர் போலந்து வீரர்களுக்குப் பயிற்சியாளரானார். நீண்ட தூரத்தை ஒரே சீராக ஓடிப் பழகுவதுதான் அக்காலத்தில் பலரின் வழக்கம். இவர்களோ வேகமாகச் சிறிது தூரம், பிறகு மெதுவாகச் சிறிது தூரம், மீண்டும் வேகம் என்று மாற்றி மாற்றி ஓடும் முறையைக் கைக்கொண்டார்கள். இன்று நம் மைதானத்திலும் பழக்கப்படும் இந்த முறைக்கு அக்காலத்திலேயே வழிகாட்டியவர்களுள் குசொச்சின்ஸ்கியும் ஒருவர். 1928இல் 5,000 மீட்டரில் போலந்தின் வாகையர் ஆனார்.

பிழைப்புக்கு என்ன செய்தார்? நண்பர்களே, அவர் தோட்டக்காரர்! வார்சாவின் வஜென்கிப் பூங்காவில் செடிகளைப் பேணுவது அவர் வேலை. பழைய அரசர் ஒருவரின் கோடை அரண்மனையைச் சுற்றி அமைந்த அழகிய பூங்கா அது. 1926இல் அங்கே ஷோபினுக்கு வெண்கலச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. காற்றில் வளையும் ஒரு மரத்தின் கீழ் அமர்ந்து இசைமேதை கேட்டுக்கொண்டிருப்பதாக அமைந்த சிலை. நாடு அடிமையாக இருந்த காலத்தில் வைக்க முடியாத சிலை அது. அந்தப் பூங்காவின் மண்ணில் மண்வெட்டி பிடித்த கைதான் பிறகு உலக சாதனைகளுக்குச் சொந்தமாயிற்று. இந்தச் சிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

முப்பது நிமிடம், 11.4 விநாடி

1932ஆம் ஆண்டு அவருடைய ஆண்டு. ஜூன் மாதம் ஆன்ட்வெர்ப் நகரில் 3,000 மீட்டரை 8 நிமிடம் 18.8 விநாடியில் ஓடினார். பின்லாந்து நாட்டின் பாவோ நூர்மி வைத்திருந்த உலக சாதனை அன்று உடைந்தது. நூர்மி என்றால் நெடுந்தூர ஓட்டத்தின் முடிசூடா மன்னர். அதே மாத இறுதியில் நான்கு மைல் ஓட்டத்திலும் குசொச்சின்ஸ்கி உலக சாதனை படைத்தார்.

அடுத்தது லாஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக். உலகப் பொருளாதாரம் வீழ்ந்து கிடந்த காலம் அது. பல நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்களையே அனுப்பின. பணம் வாங்கிக்கொண்டு ஓடினார் என்னும் குற்றச்சாட்டால் நூர்மி போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் பின்லாந்தின் வலிமை நூர்மியோடு முடிவதில்லை. 1912 தொடங்கி நடந்த நான்கு ஒலிம்பிக்கிலும் 10,000 மீட்டர் தங்கத்தை அந்நாட்டாரே கொண்டுபோயிருந்தனர்.

ஜூலை 31. இருபத்தைந்து சுற்று. பின்லாந்தின் வோல்மாரி இசோ ஹோலோவும் குசொச்சின்ஸ்கியும் மாறி மாறி முன்னே ஓடினார்கள். மற்றவர்கள் பின்தங்கிப் போனார்கள். புதுக் காலணிக்குள் தோழரின் பாதங்கள் புண்ணாகிக்கொண்டிருந்தன. (தோழர் என்று எழுதிவிட்டேன், திருத்த மனம் வரவில்லை.) விட்டுக் கொடுக்கவில்லை. கடைசிச் சுற்றில் அவர் பறித்துக்கொண்ட சில அடி இடைவெளியை இசோ ஹோலோவால் மூட முடியவில்லை. நேரம் 30 நிமிடம் 11.4 விநாடி. புதிய ஒலிம்பிக் சாதனை. இடைவெளி 1.2 விநாடிதான். நான்கு ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்தத் தங்கம் பின்லாந்தை விட்டு வெளியே வந்தது!

சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன், 1928 ஜூலை 31 அன்று, ஆம்ஸ்டர்டாமில் வட்டெறிதலில் வென்று போலந்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தந்தவர் ஹலீனா கொனொபாட்ஸ்கா என்னும் பெண்மணி. அவர் கவிஞரும்கூட. தடகளத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் போலந்து ஆடவர் குசொச்சின்ஸ்கி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கால ஒலிம்பிக்கில் கலைகளுக்கும் போட்டி இருந்தது. 1928இல் கவிதைக்காகப் போலந்தின் கஸிமியெஷ் வியெழின்ஸ்கியும், 1932இல் சிற்பத்துக்காக அந்நாட்டின் யூசெஃப் குளுக்கோவ்ஸ்கியும் தங்கம் வென்றனர். ஓட்டமும் பாட்டும் உளியும் ஒரே மேடையில் நின்ற காலம்! விளையாட்டு விழாவையும் முத்தமிழ் விழாவையும் தனித்தனியே நடத்தும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது இது.

வெற்றியின் விலை என்ன? புண்ணான பாதங்களோடு 5,000 மீட்டர் பந்தயத்தில் அவரால் இறங்கவே முடியவில்லை. உலக சாதனையாளர் ஒதுங்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அந்த வரியைப் படித்தபோது நூலகத்தில் என் கால் தானாகக் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அவர் முடித்துவிட்டு ஒதுங்கினார். நான் முடிக்காமலே ஒதுங்கினேன். அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் கால் புண்ணாவது அவமானம் அல்ல என்பதாவது அன்று எனக்குத் தெளிவாயிற்று.

முழங்கால்

1934இல் டூரின் நகரில் முதல் ஐரோப்பியத் தடகளப் போட்டி. 5,000 மீட்டரில் வெள்ளி பெற்றார். பிறகு முழங்கால் அவரைக் கைவிட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அவர் ஓடவில்லை. முப்பது வயதை நெருங்கும் ஓட்டக்காரருக்கு இது முடிவு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வார்சாவின் உடற்கல்வி உயர்நிறுவனத்தில் சேர்ந்து படித்துப் பட்டம் பெற்றார். இளையோருக்குப் பயிற்சி கொடுத்தார். விளையாட்டுப் பத்திரிகைத் துறையில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் உழைத்தார். தோட்டக்காரர், மாணவர், பயிற்சியாளர், பத்திரிகையாளர்! ஓடத் தெரிந்தவருக்கு வேறொன்றும் தெரியாது என்று யார் சொன்னது?

முழங்கால் தேறியது. 1939இல் மீண்டும் களத்தில் இறங்கினார். 10,000 மீட்டரில் போலந்தின் வாகையர் பட்டம் மறுபடியும் அவர் கைக்கு வந்தது. 5,000 மீட்டரை 14 நிமிடம் 24.2 விநாடியில் ஓடிப் புதிய தேசிய சாதனையும் படைத்தார். வயது முப்பத்திரண்டு. அடுத்த ஒலிம்பிக் 1940 ஜூலை 20 அன்று ஹெல்சிங்கியில் தொடங்குவதாக இருந்தது. நூர்மியின் மண்ணில் ஓட வேண்டும்! ஓட்டக்காரர் எவருக்கும் அதைவிட வேறென்ன கனவு வேண்டும்?

ஆனால் 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மானியப் படைகள் எல்லையைக் கடந்தன.

சேவற்கோழி அடையாளமிட்ட உணவகம்

அவர் தாமாக முன்வந்து படையில் சேர்ந்தார். வார்சாவைக் காக்கும் போரில் இருமுறை காயம்பட்டார். அந்த மாத இறுதியில் நகரம் வீழ்ந்தது. நாடு மீண்டும் வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்டது.

வென்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விளையாட்டுக் கழகங்களைக் கலைத்தார்கள். போலந்து மக்கள் போட்டி நடத்தக் கூடாது என்றார்கள். பல்கலைக்கழகங்களை மூடினார்கள். ஷோபினின் இசையை மேடையில் வாசிக்கத் தடை விதித்தார்கள். நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். விளையாட்டும் பாட்டும் பயனற்ற பொழுதுபோக்கு என்றால், பீரங்கியும் விமானமும் வைத்திருப்பவன் அவற்றைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? ஒரு மக்கள் கூட்டம் ஒன்றாக நின்று ஆடவும் பாடவும் தெரிந்திருக்கும்வரை அது அடிமையாவதில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மக்கள் விடவில்லை. வீடுகளுக்குள் ஒளிந்து இசை கேட்டார்கள். ஒதுக்குப்புறத் திடல்களில் மறைவாகக் கால்பந்துப் போட்டி நடத்தினார்கள்.

ஒலிம்பிக் வாகையர் உணவகத்தில் பரிமாறுபவரானார். சேவலின் பெயர் கொண்ட அந்த வார்சா உணவகத்தில் விளையாட்டு வீரர்கள் பலர் வேலை பார்த்தார்கள். அது வயிற்றுப் பிழைப்பு மட்டுமன்று. மறைமுக விடுதலை இயக்கம் ஒன்றில் குசொச்சின்ஸ்கி சேர்ந்திருந்தார். 1940 மார்ச் இறுதியில் கெஸ்டபோ என்னும் ஜெர்மானிய இரகசியப் போலீஸ் அவரைக் கைது செய்தது. சிறையில் அடித்து விசாரித்தார்கள். அவர் தோழர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவர் சிறையில் கிடந்தபோது, 1940 மே 31 அன்று, வஜென்கிப் பூங்காவிலிருந்த ஷோபின் சிலையை ஜெர்மானியர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தத் தோட்டக்காரருக்கு அச்செய்தி எட்டியதோ இல்லையோ! சிலைக்குப் பின் மூன்றே வாரம். ஜூன் 20, 21 தேதிகளில் வார்சாச் சிறைகளிலிருந்து 300க்கும் மேற்பட்டோர் வண்டிகளில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே பால்மிரிக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாடாளுமன்றத்தின் முன்னாள் தலைவர் மாச்சியெய் ரத்தாய் அவர்களுள் ஒருவர். 1924 ஒலிம்பிக்கில் மிதிவண்டிப் போட்டியில் வெள்ளி வென்ற அணியைச் சேர்ந்த தொமாஷ் ஸ்தான்கியெவிச் இன்னொருவர். முன்கூட்டியே வெட்டி வைத்த குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். குசொச்சின்ஸ்கிக்கு வயது 33. ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடங்கியிருக்க வேண்டிய நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது.

காட்டில் கண்ட அடையாளம்

குழிகளை மூடி, மேலே மரக்கன்றுகளையும் நட்டுத் தடயத்தை மறைத்தார்கள் கொலைஞர்கள். ஆனால் காட்டில் வேலை செய்த எளிய மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்து அந்த இடங்களை இரகசியமாக அடையாளமிட்டு வைத்தார்கள். அதனால்தான் போருக்குப் பின் குழிகளைக் கண்டுபிடித்துத் தோண்ட முடிந்தது. இன்று பால்மிரியில் பெரிய கல்லறைத் தோட்டமும் நினைவகமும் உள்ளன. 1954 முதல் குசொச்சின்ஸ்கியின் பெயரால் போலந்தில் தடகளப் போட்டிகள் நடத்தப்பட்டு வருகின்றன. பள்ளிகளும் தெருக்களும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஷோபின் சிலையும் 1958இல் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் பியானோ இசை ஒலிக்கிறது. மக்கள் புல்தரையில் அமர்ந்து கேட்கிறார்கள். காசு கேட்பதில்லை.

ஓடி ஓடி அவருக்கு என்ன கிடைத்தது என்று அப்பா கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒரு தங்கம், ஒரு வெள்ளி, சில சாதனைகள். அச்சாதனைகளை எல்லாம் பின்வந்தவர்கள் எப்போதோ கடந்துவிட்டார்கள். வேலை என்று கேட்டால் தோட்டமும் உணவகமும்தான். முடிவு என்று கேட்டால் ஒரு குழி. கணக்குப் பார்ப்பவருக்கு நட்டம்தான். ஆனால் வலிக்கும் பாதத்தோடு கடைசிச் சுற்றை ஓடப் பழகியவர், சிறையறையிலும் கடைசிச் சுற்றை ஓடி முடித்தார். ஓட்டம்தான் அந்த உறுதியைத் தந்தது என்று அடித்துச் சொல்ல நான் யார்? இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன என்று மட்டும் சொல்கிறேன்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அப்பாவிடம் முழுவதும் சொன்னேன். அவர் கட்சி மாறவில்லை. ஆனால் கதை முடிந்ததும் எழுந்துபோய், பரணில் கிடந்த என் காலணியை எடுத்துத் தூசி தட்டி, உள்ளே எண்ணெய் தடவித் திண்ணையில் வைத்தார். தோல் இளகினால் கடிக்காது என்றார். அவ்வளவுதான்.

நண்பர்களே, இவ்வாண்டு விளையாட்டு விழாவில் 5,000 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பரிசு வாங்குவேன் என்று உறுதி கூற மாட்டேன். பன்னிரண்டரைச் சுற்றையும் ஓடி முடிப்பேன். சிரிக்க விரும்புவோர் அதுவரை காத்திருக்க வேண்டுகிறேன்.